வைன் விக்கிற வீட்டுப் பிள்ளை

வைன் வியாபாரத்தில் வைனைப் பற்றிப் பேசுவது கால்வாசி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம், வாங்க வந்தவர் அதைத் தனக்காக வாங்கவில்லை என்று சொல்லும் விளக்கத்தைக் கேட்பதிலேயே போய்விடும்.

அப்பாவின் தகப்பன், என் அப்பப்பா, யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் கோயில்களுக்குப் பூசை வைன் எடுத்துக் கொடுத்தவர். அப்பா கனடாவின் ரொறன்ரோவுக்கு வந்து, சில வருடம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, அதே தொழிலுக்கு இங்கே உரிமம் எடுத்தார். இப்போது நானும் அதில். இந்த மாகாணத்தில் வைன் இறக்குமதி அரசாங்கத்தின் கைவழியாகத்தான் நடக்கும். எங்களைப் போன்ற முகவர்கள் வெளிநாட்டுத் தோட்டக்காரரோடு பேசி, நல்லதைத் தேடிப் பிடித்து, உணவகங்களுக்கும் கலியாண மண்டபங்களுக்கும் வீடுகளுக்கும் பெட்டிக் கணக்கில் ஓடர் எடுக்கிறோம். அஜின்கோர்ட்டில் ஒரு பல் வைத்தியருக்கும் ஒரு புடவைக் கடைக்கும் நடுவில் எங்கள் அலுவலகம். தகப்பன் நடத்தும் தொழிலில் தகப்பனுக்குக் கீழே வேலை செய்கிற சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்; மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

தேங்காய்ப்பால்

பிறம்ரனில் லொறிக் கொம்பனி வைத்திருக்கும் ஒரு அங்கிள் முதல்தரம் வந்தபோது, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். அவருடைய மனைவி சைவக் கோயில் நிர்வாக சபையில் இருக்கிறாராம். வீட்டுக்கு வைன் பெட்டி போனால் பூகம்பம்தான். "நான் ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ்தான் பிள்ளை, அதுவும் ஒவ்வொரு நாளுமில்லை" என்றார். நான் கேட்கவேயில்லை.

பக்கத்துப் பலசரக்குக் கடையில் தேங்காய்ப்பால் ரின் வந்த வெறும் பெட்டி ஒன்று வாங்கி, பன்னிரண்டு போத்தில் சிவப்பு வைனையும் அதற்குள் அடுக்கி, மேலே செலோரேப் ஒட்டிக் கொடுத்தேன். அங்கிளுக்கு அவ்வளவு சந்தோஷம். நிலக்கீழ் அறையில், கறிச் சாமான்களோடு சாமானாக வைத்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து அலுவலக ரெலிபோனில் ஒரு பெண்குரல். அங்கிளின் பெயரைச் சொல்லி, அவருடைய மனைவி என்றார். நானும் எழும்பிக் கதவைச் சாத்தினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, உம்மட தேங்காய்ப்பால் நல்லாயிருந்தது. அடுத்தமுறை அரைவாசி வெள்ளையில போட்டுவிடும். அவருக்குச் சொல்லிப்போடாதையும், பாவம், ஒளிச்சு வைக்கிறதில அந்தாளுக்கு ஒரு சந்தோஷம்."

பின்வாசல்

நகரத்துக்குள் பேர்பெற்ற ஒரு மீன் உணவகம். அவர்களுடைய வைன் பட்டியலில் இடம்பிடிக்க இரண்டு வருடமாக அலைந்தேன். ஒருநாள் மாதிரிப் போத்தில்களோடு போனால், வாசலில் நின்ற மனேச்சர் என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, டெலிவரி என்றால் பின்பக்கம் போகச் சொன்னார். நான் யாரென்று விளங்கப்படுத்த வாய் திறந்தேன். அதற்குள் அவர் வேறொருவருக்குக் கைகொடுக்கப் போய்விட்டார். சரி, பின்வாசலும் அதே கட்டடத்துக்குள்தானே போகிறது என்று சுற்றிக்கொண்டு போனேன்.

பின்பக்கம் குசினி. ரொறன்ரோவின் பெரிய உணவகங்கள் எதற்குள்ளும் பின்வாசலால் நுழைந்து பாருங்கள், "ஆர் பிள்ளை, என்ன வேணும்?" என்று தமிழில் ஒரு குரல் வரும். அன்றைக்கு அந்தக் குரல் ரவி அண்ணையுடையது. அங்கே தலைமைச் சமையல்காரர் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் சட்டியில் இருந்த மீனில் ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து, என் வெள்ளை வைனில் ஒரு வாய் குடித்துவிட்டு, மீனைச் சாப்பிட்டார். மறுபடி குடித்தார். போத்திலையும் தட்டையும் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போனார். பத்து நிமிஷத்தில் மனேச்சர் வந்து என்னுடைய விசிட்டிங் கார்ட்டைக் கேட்டார். அந்த வைன் இன்றைக்கும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது.

நான் நன்றி சொல்லப் போக, ரவி அண்ணை அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "எனக்கேன் தங்கச்சி நன்றி? இனியும் இஞ்சாலயே வாரும். முன்னுக்கு நிண்டா அவை மெனுவைத்தான் காட்டுவினம்."

பாடகர் குழாம்

ரெக்ஸ்டேல் பக்கத்தில் ஒரு கோயிலுக்குப் பூசை வைன் கொடுக்கிறோம். பூசை வைன் என்பது கலப்படமில்லாத சுத்தமான திராட்சை வைன். ருசி எப்படியிருக்க வேண்டும் என்று திருச்சபை ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அதிலும் கௌரவம் பார்ப்பவர். ஸ்பெயின் நாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து, இனிப்பாக, நாக்கில் நிற்கிற மாதிரி ஒன்றை எடுப்பித்தார்.

அடுத்த ஓடருக்கு, பீடத்தைக் கவனிக்கும் மேரி அன்ரி நேரிலேயே வந்தார். வைன் வைக்கும் அலுமாரி, பாடகர் குழாம் பழகுகிற அறைக்குள் இருக்கிறதாம். பூட்டு இருக்கிறது, அதைத் திறக்கிற திறப்பும் பக்கத்திலேயே தொங்குகிறது.

"பிள்ளை, இந்தமுறை கொஞ்சம் ருசி குறைஞ்சதாத் தாரும். கொயருக்கு ஆம்பிளையள் கூடிப்போச்சினம். ஒருத்தருக்கும் பாடத் தெரியாது."

கொடுக்காத பெட்டி

ரஞ்சன் எங்களிடம் மாதம் ஒரு பெட்டி எடுப்பவர். பிறகு அது இரண்டானது, நாலானது. ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நின்றபோது அவர் கை நடுங்கியது. அப்பா கணினியை மூடிவிட்டு, "தம்பி, இனி உமக்கு நான் தரமாட்டன்" என்றார். ரஞ்சன் கத்தினார். ஊரில் வேறு ஆட்கள் இல்லையா என்று கேட்டார். கதவு அடிபட்ட சத்தத்தில் பல் வைத்தியர் எட்டிப் பார்த்தார். எனக்கும் அப்பாவில் கோபம்தான். அவருக்குப் புத்தி சொல்ல நாங்கள் யார் என்று கேட்டேன். அப்பா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, மகளையும் கூட்டிக்கொண்டு ரஞ்சன் வந்தார். மெலிந்திருந்தார், கண் தெளிந்திருந்தது. கையில் ஒரு கேக் பெட்டி. அப்பாவுக்கு முன்னால் இருந்து, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்டைக்குக் காருக்குள்ள இருந்து யோசிச்சனான் அங்கிள். விக்கிற ஆளே எனக்கு விக்கப் பயப்பிடுறாரெண்டா, நான் எங்க வந்து நிக்கிறன்?"

அப்பாவின் மூக்கு

செல்வராசா அங்கிள் மண்டபம் நடத்துகிறவர், அப்பாவின் மிகப் பழைய வாடிக்கையாளர். தன் மகளின் கலியாணத்துக்கு வைன் தெரிவுசெய்ய வந்தார். அப்பா மூன்று போத்தில்களைத் திறந்தார். இரண்டாவதைக் கிளாஸில் ஊற்றிச் சுழற்றி, மூக்கை வைத்து, "பார் செல்வம், செரிப்பழம் மாதிரி ஒரு வாசம்" என்றார். அங்கிளும் அப்படியே மூக்கை வைத்து மணந்துவிட்டுத் தலையாட்டினார். அப்பா சொன்னால் அவருக்குச் சரிதான்.

நான் என் கிளாஸை எடுத்தேன். நனைந்த கடதாசி மட்டையின் மணம் அடித்தது. கோர்க் பழுதானால் வருகிற மணம் அது. இந்தத் தொழிலில் முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடும். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதக் கணக்காக, "நீ மணந்து சொல்லு" என்று எனக்குக் கிளாஸை நீட்டியதெல்லாம் ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

"இது கொஞ்சம் சூடாயிட்டுது, வேற திறப்பம்" என்று சமாளித்தேன். புதிய போத்தில் நன்றாக இருந்தது. அங்கிள் அதிலேயே முப்பது பெட்டி சொல்லிவிட்டுப் போனார்.

"எப்ப தொடக்கம் அப்பா?" என்று கேட்டேன்.

"போன குளிருக்கு வந்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு. தோடம்பழத் தோலைக் கசக்கிப் பாத்தனான், அதுவும் மணக்கேல்லை." கிளாஸ்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தார். "டொக்டர் திரும்ப வரலாமெண்டுறார். நான் ஞாபகத்தில இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறன்."

எனக்கு அழுகை வந்தது. ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், இனி நான் பக்கத்தில் நிற்கிறேன், சமாளிக்கலாம் என்றேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு ரெலிபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, செல்வராசா அங்கிளைக் கூப்பிட்டார்.

"செல்வம், அந்த ரெண்டாவது போத்தில் பழுது. எனக்கு மணம் பிடிபடேல்லை. கொஞ்ச மாசமா என்ர மூக்கு வேலை செய்யுதில்லை. நீர் எடுத்தது மகள் மணந்து பாத்தது, அது நல்லது. எண்டாலும் உமக்கு வேற ஆளிட்டப் போக விருப்பமெண்டா நான் குறை நினைக்கமாட்டன்."

முப்பது பெட்டியும் போனது, அதோடு அப்பாவின் பெயரும் போனது என்று நினைத்தேன். மறுமுனையிலிருந்து அங்கிள் சொன்னார்:

"அண்ணை, உங்கட மூக்கில எனக்கென்ன நம்பிக்கை? எனக்குச் சிவப்புக்கும் வெள்ளைக்குமே வித்தியாசம் தெரியாது. பழுதெண்டா பழுதெண்டு சொல்லுவீங்கள், அதுக்குத்தான் வாறனான். முப்பது காணாது, முப்பத்தஞ்சாப் போடுங்கோ."

இப்போது மணந்து பார்ப்பது என் வேலை, கதைப்பது அப்பாவின் வேலை; மூன்று தலைமுறையாக வைன் விற்கிற இந்த வீட்டில் சாப்பாட்டோடு எல்லாரும் குடிப்பது தேத்தண்ணிதான் என்பதை மட்டும் தயவுசெய்து வெளியில் சொல்லிவிடாதீர்கள்.