முங்கும் இடம்

அந்த டீச்சரை எதிரில் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து, ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவள். ஆகாதவர்கள் யாராவது செய்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

மில்லர்புரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் யூகேஜி பிள்ளைகளுக்கு சைலபோன் சொல்லிக்கொடுக்கிறேன். நீளமும் குட்டையுமாக இரும்புப் பட்டைகள். குச்சியால் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம். சரிகமவெல்லாம் அந்த வயசுக்கு ஏறாது. அதனால் பட்டைக்கு ஒரு நிறமாக ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டேன். "சிவப்பு, சிவப்பு, பச்சை" என்று பாடிக்கொண்டே தட்டுவார்கள். அடிக்கடி பொட்டு வாங்குகிறேனே என்று கடைக்கார அண்ணாச்சி, "டீச்சர் வீட்ல எத்தன பொம்பளப்பிள்ள?" என்று கேட்பார்.

தட்டச் சொல்லிக்கொடுப்பது சுலபம். தட்டாமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடு. பாட்டின் நடுவே ஓர் இடைவெளி வரும். அங்கே எவனாவது ஒருத்தன் டங்கென்று போட்டுவிடுவான். வகுப்பில் ஒரு சின்னப் பெண். அவள் அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவர். அவள்தான் ஒருநாள் வழி சொன்னாள்.

"அங்கன முங்கிருவோம் மிஸ். முங்குனவங்க மேல வராம வள்ளம் போவாது. எங்கப்பா சொல்லிருக்கு."

அன்றிலிருந்து அந்த இடைவெளிக்கு முங்கு என்று பேர். குச்சியைத் தூக்கிப் பிடித்து, கன்னத்தை உப்பிக்கொண்டு எல்லோரும் மூச்சை அடக்குவார்கள். அவள் 'ப்பா' என்று மூச்சை விட்டதும் எல்லோரும் சேர்ந்து கடைசி வரியைத் தட்டுவார்கள். ஒருநாள் முங்கு நீளும், ஒருநாள் சுருங்கும். அது அவள் பொறுப்பு, நான்கூடத் தலையிடமாட்டேன். ஆண்டு விழாவுக்கு அப்பா கடலுக்குப் போகாமல் வந்து கேட்பார் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விழாப் பொறுப்பு அந்த டீச்சர் கையில் இருந்தது. விழாவுக்கு முந்தின வாரம் ஆட்டோவில் வரும்போது சொன்னாள்: "ஏளா, நீ ஒருக்கா முழுசா வாசிச்சு போன்ல அனுப்பு. பிள்ளைங்க வீட்ல கேட்டுப் பழகட்டும்." என்ன அக்கறை என்று நினைத்தேன். சத்தம் கேட்கக் கூடாதே என்று ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாசித்து அனுப்பினேன். முங்கும் இடத்தில் சும்மா ஒரு மூச்சு விட்டுவிட்டு மேலே வாசித்தேன்.

விழா அன்று பிள்ளைகள் மேடையில் உட்கார்ந்தார்கள். நான் கீழே, அவர்களுக்குத் தெரிகிற மாதிரி நின்றேன். முதல் சுரத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்பீக்கரில் வந்தது நான் வாசித்து அனுப்பியது. பிள்ளைகள் முன்னால் இருந்த மைக்குகளை அணைத்து வைத்திருந்தார்கள்.

பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் தட்டிக்கொண்டே இருந்தார்கள். முங்கும் இடம் வந்தது. கன்னங்கள் உப்பின. எல்லார் கண்ணும் அந்தச் சின்னப் பெண்மேல். அப்பா பார்க்கிறார் என்று அவள் என்றைக்கும் இல்லாத ஆழத்துக்குப் போய்விட்டாள். ஸ்பீக்கரில் பாட்டு அவளுக்காகக் காத்திருக்கவில்லை. மேடையில் ஒரு குச்சியும் இறங்காமல் பாட்டு மட்டும் கேட்டதும் கூட்டம் சிரித்தது. அவள் மூச்சை விட்டபோது பாட்டு முடிந்து கைதட்டல் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் கடைசி வரியை ஒரு பட்டை பிசகாமல் தட்டினார்கள். அது யார் காதிலும் விழவில்லை.

மேடைக்குப் பின்னால் அந்த டீச்சரைப் பிடித்துக் கேட்டேன்.

"பிள்ளைங்க தப்பா தட்டுனா யாருக்கு அசிங்கம்? ஒன் பேரு கெட்டுறக் கூடாதுன்னுதாம்ளா செஞ்சேன்" என்றாள்.

எனக்காகச் செய்தாளாம். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, அதையும் என் கையாலேயே செய்யவைத்துவிட்டு, எனக்காகவாம். வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினேன். அவள் அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் கூப்பிடப் போய்விட்டாள்.

வாசலில் அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர், "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்று மரியாதைக்குச் சொன்னார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நீங்க வாசிச்சதுதான மிஸ்?"

"ஆமா" என்றேன்.

"நான் முங்கிட்டுத்தான மிஸ் இருந்தேன். ஏன் என்னைய விட்டுட்டுப் போனிய?"