ஐந்து நாளும் விரதம்

என் குடலுக்கு என்னைவிடக் கோபம் அதிகம். வெள்ளவத்தையில் ஒரு டொக்டர் எல்லாப் பரிசோதனைகளையும் செய்து பார்த்துவிட்டு இதைத்தான் சொன்னார்: "தம்பி, பயப்பிட ஒண்டும் இல்லை. குடல் கொஞ்சம் ரோசக்காரன். உறைப்பு, கடலை, பால் மூண்டையும் விடுங்கோ. மனசை லேசா வைச்சிருங்கோ." கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் மனதை எப்படி லேசாக வைத்திருப்பது என்று அவர் சொல்லவில்லை.

அந்த வழியில் ஆபத்துக்கு உதவும் கழிப்பறை ஒன்றே ஒன்று, கொழும்புக் கோட்டையில் ஒரு சைவக்கடையின் பின்புறம். சும்மா போய்வந்தால் முதலாளி முறைப்பார். அதனால் ஒவ்வொரு முறையும் ஓர் உளுந்து வடை வாங்குவேன். அதைத் தின்றால் மறுபடியும் அதே இடத்துக்குத்தான் ஓடவேண்டும். ஆகவே நான் வேலைசெய்யும் கந்தோரின் வாசல் காவலாளியிடம் கொடுத்துவிடுவேன். அவர் இரண்டு கைகளாலும் வாங்கி, "பொஹோம பின் மாத்தயா" என்று சிங்களத்தில் எனக்குப் புண்ணியம் சேர்த்துவிடுவார்.

இந்த வயிற்று வருத்தத்தில் பெரிய கொடுமை அதை வெளியே சொல்வதுதான். ஒருநாள் கந்தோரில் "வயிறு சரியில்லை" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒருவர் ஓமத்தண்ணீர் என்றார். இன்னொருவர் கொத்தமல்லி என்றார். மனேஜர், பத்துப் பேர் இருக்கும் அறையில், "ஒரு நாளைக்கு எத்தினை தரம் போறீர்?" என்று கேட்டார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அடுத்த நாள் மதியம் அவரே கோழிப் புரியாணியை நீட்டியபோது என் வாயில் தானாக வந்தது: "இண்டைக்கு விரதம், சேர்."

அடடா, என்ன நிம்மதி! ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றிலிருந்து திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு. புதனுக்குத்தான் ஆள் கிடைக்காமல் தவித்து, கடைசியில் பெருமாளைப் பிடித்துப் போட்டேன். பின்படிக்கட்டின் கீழே ஒளிந்து நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த குழைந்த சோற்றை விழுங்குவேன். வடைத் தானமும் விரதமும் சேர்ந்து ஆறே மாதத்தில் என்னை அரைச் சாமியாராக்கிவிட்டன. மனேஜர் என் முன்னால் கெட்ட வார்த்தை பேசுவதைக்கூட நிறுத்தினார். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

பிடிக்காமல் போனதற்குக் காரணம் பக்கத்து மேசைக்காரி. எனக்கு அவளில் ஒரு விருப்பம். மதியத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளி, "இண்டைக்கு எந்தச் சாமி?" என்று கேட்பாள். நான் அன்றைய சாமியின் பெயரைச் சொல்வேன். அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். விரும்பிய பெண்ணைத் தினமும் கடவுளின் பெயரால் விரட்டியவன் நான்தான்.

நவராத்திரி வந்தது. கந்தோர் வாணி விழாவுக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் ஏது? வேட்டி கட்டி, விளக்கேற்றி, எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசினேன். கூட்டம் கலைந்தபின் அவள் ஒரு தட்டில் கடலைச் சுண்டலோடு வந்தாள்.

"விரதம் முடிஞ்சுதுதானே, எடுங்கோ."

தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன்.

"ஒண்டு கேக்கட்டே? அம்மா ஆக்கள் எனக்கொரு இடம் பேசினம். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்லோணும்." நிலத்தைப் பார்த்தாள். "உங்களுக்குக் கலியாண எண்ணம் ஏதும் இருக்கோ, இல்லாட்டி இப்பிடியே சாமியாராப் போறதோ?"

ஆறு மாதமாக ஏங்கிய கேள்வி. 'இருக்கு' என்ற ஒரு சொல் போதும். அந்த நேரம் பார்த்து என் குடல் முறுக்கிக்கொண்டு எழும்பியது. சுண்டல் தட்டை அவள் கையிலேயே திணித்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கால் மணித்தியாலம் உள்ளே இருந்தேன். வயிறு அடங்கிவிட்டது, அழுகைதான் அடங்கவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், அவள் அதே இடத்தில் அதே தட்டோடு நிற்கிறாள். கண் சிவந்திருந்தது.

"விருப்பமில்லையெண்டா வாயால சொல்லியிருக்கலாம். ஏன் ஓடினனீங்கள்?"

"விருப்பம் இருக்கு. நிறைய இருக்கு. வயிறுதான் விடேல்லை."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். பெருமாள், வடை, படிக்கட்டு, ஒன்றையும் விடவில்லை. அவள் முதலில் முறைத்தாள். புதன்கிழமைக் கதை வந்தபோது சிரிப்பை அடக்கமுடியாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்து, சுண்டல் தட்டைத் தூர வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப என்ன சாப்பிடலாம்?"

ஆறு வருட வருத்தத்தில் என்ன சாப்பிடக்கூடாது என்று சொல்லாத ஆளில்லை. இதை ஒருவரும் கேட்டதில்லை. குழைந்த சோறு, கரட், பூசணிக்காய் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். காதல் பேசவேண்டிய நேரத்தில் பூசணிக்காய் பேசியவன் கொழும்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த நாள் மதியம் வழக்கம்போலப் படிக்கட்டின் கீழே நின்றேன். காலடிச் சத்தம் கேட்டுப் பெட்டியை ஒளித்தேன். அவள்தான். கையில் பூசணிக்காயும் சோறும்.

"சேர் புரியாணி நீட்டினவர்," என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் விரதம் எண்டு சொல்லிட்டன்."