மண் சுமந்தது ஆர்?

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு ஞாயிறு மாலை, எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மன்னர் குளம் கட்டினார். அரை மணித்தியாலத்தில் கட்டி முடித்தும் விட்டார்!

ரேடியோவில்தான். இந்த நாட்டின் சரித்திரத்தை வாராவாரம் நாடகமாகப் போடுகிறார்களே... கனகராயன்குளத்திலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கிற எங்கள் குடியேற்றத் திட்டத்தில் ரேடியோ உள்ள வீடு, பள்ளிக்கூட வாத்தியாரான என்னுடையதுதான். ஞாயிறு என்றால் விறாந்தை நிறைந்துவிடும்.

அன்றைக்கு முரசு முழங்கியது. "மாமன்னர் கட்டிய குளம் வாழ்க!" என்று ரேடியோவுக்குள் ஒரு கூட்டம் கத்தியது. நாடகம் முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள். பூமணியக்கா மட்டும் போகவில்லை. தீவுப்பகுதியிலிருந்து வந்து, இங்கே தனியாக வயல் செய்கிற விதவை. அதிகம் பேசாதவர்.

"மாஸ்ரர், மண் சுமந்தது ஆர்?"

"எங்கை?"

"உந்த நாடகத்திலைதான். ராசா கட்டினவர் எண்டால்... ராசாவோ மண் கடகம் தூக்கினவர்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. பிறகுதான் சொன்னார் — காடு மூடிக் கிடந்த எங்கள் குளத்தைத் திருத்தியபோது, அணைக்கட்டு வேலையில் மண் சரிந்து அவருடைய கணவர் செத்துப்போனாராம். இன்று அந்தக் கட்டில் ஒரு கல் நிற்கிறது. குளத்தைத் திறந்து வைத்த பெரியவரின் பெயர் அதில் இருக்கிறது.

"ரேடியோக்காரருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. கேட்டுப் பாப்பம்."

எழுதினேன். பதில் வருமென்று நான் நம்பவில்லை. ஆனால் மூன்றாம் வாரம் பஸ்ஸில் ஓர் ஆள் வந்து இறங்கினார் — நாடகம் எழுதுகிறவரே! அக்கா அவரை அணைக்கட்டின் மேலே கூட்டிப்போனார். எந்த இடத்தில் சரிந்தது, யார் யார் வெறுங்கையால் மண்ணை விறாண்டினார்கள்... எல்லாம் காட்டினார். வந்தவர் கொப்பியில் விடாமல் எழுதிக்கொண்டார்.

போன ஞாயிறு அவருடைய புது நாடகம் ரேடியோவில் வந்தது. சபையில் மன்னர் தன் குளத்தின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறார். குறுக்கே ஒரு பெண்ணின் குரல்: "என் கணவர் அந்தக் கட்டுக்குள் கிடக்கிறார், அரசே!"

விறாந்தையில் இருந்த எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம்.

எத்தனையோ நூறு வருடங்களுக்கு முந்திய ஒரு பெண்ணின் வாயில் எங்கள் பூமணியக்காவின் கோபம்! சரித்திரத்தை இப்படித்தான் எழுதுகிறார்களா? அல்லது, இப்படித்தான் எழுத வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்தார். "சந்தோசமோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம் மாஸ்ரர், நல்லாத்தான் செய்திருக்கினம். ஆனா அந்த மனுசன் எல்லாத்தையும் எழுதினவர்... என்ரை இவற்ரை பேரைக் கேக்கேல்லை."

சுருக்கென்றது. கடிதம் எழுதிய நான் மட்டும் கேட்டேனா?

அப்போதுதான் கேட்டேன். சொன்னார்.

இதை அச்சுக் கோப்பவர் கவனிக்க: அவர் பெயர் கந்தையா சின்னத்தம்பி. ஓர் எழுத்தும் விழக்கூடாது.