மில்லின் கைப்பேச்சு

ராஜபாளையத்தில் கூரை போன பழைய நூல் மில்லுக்குள் நின்று, இங்கே வேலை பார்த்த செல்லத்தாயக்கா கையை ஆட்டிக் காட்டுகிறார்.

"மிசின் இரைச்சல்ல பேச்சு எங்க கேக்கும் தம்பி? எல்லாம் கைதான். ரெண்டு விரலைக் கத்திரியா வெட்டுனா நூல் அறுந்துருச்சு, நிப்பாட்டு. ஒத்த விரலைச் சுத்துனா ஓடட்டும்."

மதியம் இருவரும் பக்கத்து மலையிடுக்கில் ஏறுகிறோம். அருவி மில்லைவிட இரைகிறது. நான் பாசிப்பாறையில் கால்வைக்க, மேலே நிற்கும் அக்கா விரல்களை வெட்டுகிறார். நிற்கிறேன். அடுத்த கல்லைக் காட்டி விரலைச் சுற்றுகிறார். தாவுகிறேன்.

உச்சி! கத்துகிறேன், என் காதுக்கே கேட்கவில்லை. தூரத்தில் தெரியும் மில்லை நோக்கி ஒரு விரலைச் சுற்றுகிறேன். அக்கா இரு கைகளையும் தூக்கிப் பத்து விரலையும் சுற்றுகிறார்: மில் மொத்தமும் ஓடுகிறது.