காவலுக்கு இரண்டு பேர்

காலை ஆறரை மணிக்கு ஹூட்டகள்ளித் தொழிற்பேட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு ஹுன்சூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். இரவு ஷிப்ட் முடிந்த கையோடு கிளம்பியதால் காதுக்குள் இன்னும் கிரைண்டிங் சத்தம் கேட்டது. துப்பினால் எச்சில் சாம்பல் நிறமாக வந்தது. அங்கிருந்து மைசூர் புறநகர் பஸ் நிலையம் ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ் உண்டு. இருந்தும் நடந்தேன். ஒரு வேலையை விட்டு வரும்போது நடந்துதான் வருவது என் வழக்கம்.

இப்படி நான் விட்டு வந்த ஊர்கள் பல. திருப்பூரில் சாயப்பட்டறை, குடகில் காப்பித் தோட்டம், பாலக்காட்டில் செங்கல் சூளை. ஏழாவதோடு படிப்பை விட்டவனுக்கு வேலை கிடைப்பது கடினமில்லை, ஓரிடத்தில் தங்குவதுதான் கடினம். மைசூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலி. வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி, பிசிறைத் தேய்த்து எடுக்க வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் இந்த ஊரில் அரண்மனை விளக்கையும் சாமுண்டி மலையையும் பார்த்துப் போகிறார்கள். நான் இருந்த நாளில் தகரக் கூரையும் தூசியும்தான் அதிகம் பார்த்தேன்.

இந்த முறை வேறு ஊருக்குப் போகவில்லை. சொந்த ஊருக்குப் போகிறேன், இனி வருவதாக இல்லை. எங்கள் ஊர் ஹனூர் தாலுகாவில், ராமாபுரத்துக்கு அப்பால் காட்டோரம். கர்நாடகம்தான், ஆனால் வீட்டில் பேசுவது தமிழ். அங்கே எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாகக் கொஞ்சம் நிலம். அந்தப் பக்கத்தில் விவசாயம் என்றால் பாதி வேலை பகலில், மீதி வேலை இரவில். மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டால் யானை வரும். காவலுக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் பரண் மேல் டார்ச்சும் பட்டாசுமாக இருப்பான், இன்னொருவன் கீழே நெருப்பைப் பார்த்துக்கொள்வான். ஒருவன் கண்ணயர்ந்தால் மற்றவன் எழுப்புவான். பக்கத்து நிலத்து ரங்கன் ஒரு வெள்ளாமைக்குத் தனியாகக் காவல் இருந்தான். காலையில் ஊர்க்காரர்கள் அவனைச் சாக்கில்தான் எடுத்து வந்தார்கள்.

அண்ணன் இரண்டு வருடமாகப் போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். நீ வந்தால் விதைக்கிறேன், வராவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவேன். வருகிறேன் என்று மூன்று தடவை சொல்லி மூன்று தடவையும் போகவில்லை. அதனால் இந்தத் தடவை சொல்ல வேண்டாம், போய் நிற்போம் என்று முடிவு செய்தேன்.

மேஸ்திரியிடம் மட்டும் ஒரு வாரம் முன்பே சொன்னேன். ஒப்பந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. போகிறவன் தன் இடத்துக்குத் தன் பக்கத்து ஆள் ஒருவனைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊர் ஆட்களை மேஸ்திரி மறுபடி சேர்ப்பதில்லை. நான் ராமாபுரம் டீக்கடைக்காரரின் நம்பரைக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் வெளியூர் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். இரண்டு நாளில் ஆள் கிடைத்துவிட்டது என்றார் மேஸ்திரி. யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது போன் அடித்தது. அண்ணன். மைசூர் பஸ் ஸ்டாண்டில் கொள்ளேகால் பஸ் நிற்கும் இடத்தில் நிற்கிறேன், ஷிப்ட் முடிந்திருந்தால் வந்து கூட்டிப்போ என்றான்.

தூரத்திலிருந்தே அவனைப் பார்த்துவிட்டேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். காலடியில் ஒரு அரிசிப் பையும் புதிதாக வாங்கிய ஒரு பாயும் இருந்தன. என்னைப் பார்த்துச் சிரித்தவன் என் பக்கெட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"எங்கடா பொறப்பட்டுட்டே?"

"ஊருக்கு."

"யாரு செத்தது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நான் ஊருக்குப் போவது சாவுக்கு மட்டும்தான். அவனுக்குத் தெரியாமல் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்தே கேட்டான்.

யாரும் சாகவில்லை, வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவன் பாயின் மேல் உட்கார்ந்துவிட்டான். டீக்கடைக்காரர் அவனிடம் இரும்புக் கம்பெனியில் ஒரு இடம் காலி என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தம்பி அங்கேதான் இருக்கிறான், ஒரே அறையில் தங்கிக்கொள்ளலாம், சேர்ந்து சமைக்கலாம் என்று நினைத்து வந்திருக்கிறான். அரிசி எனக்கும் சேர்த்துத்தான். நிலத்தைப் பத்து நாளைக்கு முன்பு கொள்ளேகால் வியாபாரி ஒருவருக்கு மூன்று வருடக் குத்தகைக்குப் பேசி முடித்துவிட்டான். காட்டோரம் பல நிலங்களைச் சேர்த்து எடுத்து அவர் வாழை போடுகிறாராம்.

நீ திரும்பிப் போ, நான் மேஸ்திரியிடம் பேசி என் வேலையை வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"எதுக்குத் திரும்பிப் போக? குத்தகைக்காரன் ஆள் வந்து நம்ம பழைய பரணைப் பிரிச்சுப் போட்டுட்டான்."

"இன்னும் பத்து நாள் பொறுத்திருக்கலாமில்ல?"

"உன்னை நம்பி ரெண்டு வெள்ளாமை பொறுத்தேன். ஒண்ணு யானை தின்னது, ஒண்ணு விதைக்கவே இல்லை. நீ வேலையை விட்டதை மேஸ்திரிகிட்டச் சொன்னே, ஊர் பேர் தெரியாத எவனுக்கோ இடத்தைக் கொடுத்தே. எனக்கு ஒரு போன் போட உனக்கு வாய் இல்லை."

இருவருக்கும் டீ வாங்கினேன். டீ பன்னிரண்டு ரூபாய், அளவு திருப்பூரைவிடக் குறைவு. குடித்துக்கொண்டே மேஸ்திரிக்குப் போன் செய்தேன். இடம் ஒன்றுதான், அண்ணனோ தம்பியோ யாராவது ஒருவர் மதிய ஷிப்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்றார். கடைசியில் அண்ணன் அரிசிப் பையைத் தூக்கித் தோளில் வைத்தான். முடிவு அவ்வளவுதான்.

வேலையைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னேன். கம்பெனி தரும் முகமூடி போதாது, ஈரத் துண்டைச் சுற்றிக்கொள். அறையில் ஜன்னலோரம் என் இடம், அதை விடாதே. இருமல் வந்தால் மேஸ்திரி முன்னால் இருமாதே, வேறு ஆள் தேட ஆரம்பித்துவிடுவார். அண்ணன் தலையாட்டினான். கண்ணில் பொறி படாமல் போடும் என் கண்ணாடியையும் துண்டையும் பக்கெட்டையும் கொடுத்தேன். நீயும் கூட இரு, வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லவில்லை. வீட்டில் அண்ணியும் இரண்டு பெண் பிள்ளைகளும் தனியாக இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும்.

பத்தேகாலுக்குக் கொள்ளேகால் பஸ் புறப்பட்டது. அறுபது கிலோமீட்டருக்கு மேல், டிக்கெட் எண்பத்தெட்டு ரூபாய். பெண்களுக்கு இலவசம் என்பதால் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். காசு கொடுத்தவன் நிற்கிறான் என்று ஒரு பெரியவர் கன்னடத்தில் முணுமுணுக்க, இத்தனை வருடம் நாங்கள் வீட்டில் நின்றோம், இப்போது நீங்கள் நில்லுங்கள் என்றாள் ஜன்னலோரப் பெண். பஸ்ஸே சிரித்தது. மாதேஸ்வரன் மலைக்குப் போகும் மைசூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று என் அருகே நின்றது. மலைக்கா என்று கேட்டார்கள். இல்லை, ஊருக்கு என்றேன். ஊரில் என்ன வேலை என்று அந்த அம்மாள் கேட்டார். யோசித்துவிட்டு, நிலம் இருக்கிறது என்றேன். பொய்யில்லை.

டி. நரசிபுரத்தில் ஆற்றைத் தாண்டினோம். அதுவரை நெல்லும் கரும்பும் பச்சையாக இருந்தன. கொள்ளேகாலில் பஸ் மாறி ஹனூர் தாண்டியதும் பச்சை முடிந்தது. சிவப்பு மண், கல், வேலி மரம். ராமாபுரத்தில் இறங்கும்போது மணி மூன்று. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மேல் தவறில்லை. அவரிடம் ஆள் கேட்டார்கள், அவர் ஆள் கொடுத்தார். அங்கிருந்து ஊருக்கு டெம்போவில் இருபது ரூபாய்.

அண்ணி வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை முறத்தை நிறுத்தவில்லை.

"வாங்க தம்பி, நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க," என்றார். "நேத்து வந்திருந்தா அவரைக் கட்டிப்போட்டிருப்பேன்."

களி போட்டார். கீரைக் குழம்பு ஊற்றினார். சின்னப் பெண் வந்து அப்பாவுக்குப் பதிலாக நீங்களா என்று கேட்டாள். பெரியவள் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் நிலத்தைப் பார்க்கப் போனேன். பழைய சோளத் தட்டையை மடக்கி உழுது, வாழைக்குக் குழி எடுத்திருந்தார்கள். கறுப்புச் சொட்டுநீர்க் குழாய் வரிசையாகக் கிடந்தது. நடுவில் இருந்த கல்வரப்பைக் காணோம். எங்களோடு சேர்த்து மூன்று குடும்பத்து நிலமும் ஒரே வயலாக இருந்தது. காட்டைப் பார்த்த பக்கம் இரும்புக் குழாயில் புதிதாக ஒரு பரண் எழுப்பியிருந்தார்கள். எங்கள் மரப் பரணைவிட உயரம், ஏணியும் உறுதி. ஏறிப் பார்க்கவில்லை. நகரத்தையும் ஊரையும் ஒப்பிட்டு எழுதுவது பயணம் போகிறவர்களின் வழக்கம். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அங்கே மேஸ்திரியின் கட்டுப்பாடு இருந்தது, இங்கே அண்ணனின் கெடு இருந்தது. முந்தையதை மட்டும் ஒழுங்காகக் கேட்டு நடந்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குத்தகைக்காரரின் மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். காவலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளி ஒற்றை ஆளை வைக்க மாட்டார், ஒருவன் கொள்ளேகாலிலிருந்து வருகிறான், இன்னொருவன் வேண்டும் என்றார். நான் வருகிறேன் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். இதே ஊர், ஆனால் வெளியூரில் இருந்தேன் என்றேன். அப்படியானால் எல்லை தெரியாது, வாருங்கள் காட்டுகிறேன் என்று வண்டியை நிறுத்திவிட்டு முன்னால் நடந்தார். இது வடக்கு, இதுவரைக்கும் நம்முடையது, அந்தப் புளியமரத்தைத் தாண்டினால் காட்டிலாகா என்று கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே போனார். நான் சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.