காரை விட்டு இறங்காதவன்

எங்கள் வீட்டில் இரண்டு ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்கள் இருக்கின்றன. இரண்டுமே வேறு யாரோ வளர்த்து, முடியாமல் போனபின் எங்களிடம் வந்தவை. ஆமத்தூரில் எங்கள் தெருக்காரர்கள் அவற்றைப் போலீஸ் நாய் என்பார்கள். நானும் என் வீட்டுக்காரரும் பெரியவள், சின்னவன் என்று கூப்பிடுகிறோம்.

பெரியவள் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காவலுக்கு இருந்தவள். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர்; அங்கே லோடு ஏற்றப் போவார். பின்னங்கால் இழுக்க ஆரம்பித்ததும் அவளை கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டார்களாம். ஒரு நாள் இவர் அவளை லாரியிலிருந்து தூக்கி இறக்கி, எங்கள் வாசலில் படுக்க வைத்தார்.

"ரெண்டு நாளைக்கு இருக்கட்டும்த்தா. அங்கன ரோட்டுல கெடந்து அடிபட்டுரும்."

"இம்புட்டுப் பெருசுக்கு யாரு சோறு வடிக்கிறது?" என்றேன். அவர் குளிக்கப் போனார். ரெண்டு நாள் வருஷக்கணக்காகிவிட்டது.

சின்னவன் விருதுநகரில் வசதியான ஒரு வீட்டில் வளர்ந்தவன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு நான்தான் ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். அவள் கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு கிளம்பினார்கள். "உங்ககிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கே அக்கா, இவனையும் பாத்துக்கிருங்களேன்" என்று கேட்டாள். அவளுடைய மகள், பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளை, நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாய் வளர்ப்பது சந்தோஷம் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர் வெயிலில் அவற்றை வளர்த்துப் பார்க்க வேண்டும். இவை குளிர் தேசத்து நாய்கள். ஈரச் சாக்கு விரித்து, அதன் மேல் படுக்க வைத்து, ஃபேனையும் திருப்பிவிட வேண்டும். முடி கொத்துக் கொத்தாக உதிரும். தையல் மிஷின் மேல், துணி மேல், குழம்பில் கூட. கறுப்பு ரவிக்கை தைத்தால் ஒவ்வொரு முடியாகப் பொறுக்கிவிட்டுத்தான் கொடுக்க முடியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை பெரியவளை நடத்துவது. அவளுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, இனி சரியாகாது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். பழைய சேலையை மடித்து அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் நான் தூக்கிப் பிடித்தால் முன்னங்காலை வைத்து மெதுவாக நடப்பாள். மூத்திரம் போகக்கூட அப்படித்தான். பட்டாசு சீசன் ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விடுவார், திரும்பி வர நாளாகும். என் தோள்பட்டை இரண்டும் விண்விண் என்று தெறிக்கும்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பிள்ளையின் வீடியோ கால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடும். "ஆன்ட்டி, அவன்கிட்ட போனைக் காட்டுங்க" என்று சொல்லும். நானும் காட்டுவேன். அந்தக் குரலைக் கேட்டதும் சின்னவன் போனுக்குப் பின்னால் போய்த் தேடுவான். கட்டிலுக்கு அடியில், கதவு இடுக்கில் எல்லாம் தேடிவிட்டு, கேட்டில் போய்ப் படுத்துக்கொள்வான். அங்கே பிள்ளை போனை வைத்ததும் அதன் வேலையைப் பார்க்கும். இங்கே இவன் இரண்டு நாள் சோற்றைத் தொடமாட்டான். கோழிக்கால் வேக வைத்து, பிசைந்து, வாயருகே கொண்டுபோய்க் கெஞ்ச வேண்டும். ஒரு வழியாகத் தேறி வருவதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் காட்டாமல் சொல்லிவிட்டேன். "இனிமே கூப்பிடாத பாப்பா. உன் குரலைக் கேட்டா அவன் சாப்பிட மாட்டேங்கான்."

பிள்ளை, "என்னை மறந்துட்டா சாப்பிடுவானா ஆன்ட்டி?" என்று கேட்டது. "சாப்பிடுவான்" என்றேன். அதன்பின் கால் வரவில்லை. அவனும் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தான்.

ஒரு வருஷம் அவர்கள் லீவுக்கு ஊருக்கு வந்தார்கள். திரும்பிப் போகிற அன்று, ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் காரை நிறுத்தினார்கள். பிள்ளை வளர்ந்திருந்தது. சின்னவன் ஒரு கணம் மோந்து பார்த்தான். அப்புறம் அவன் போட்ட சத்தம் குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. பிள்ளை மேல் ஏறி, கீழே தள்ளி, முகமெல்லாம் நக்கினான்.

அவர்கள் கிளம்பும்போது டிரைவர் கார்க் கதவைத் திறந்தார். எல்லாருக்கும் முன்னால் சின்னவன் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். நாக்கைத் தொங்கவிட்டு நேராக ரோட்டைப் பார்த்தான். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கோழிக்காலைக் காட்டினேன், பார்க்கவில்லை. பிள்ளையின் அப்பா, "நேரமாச்சுடா, இறங்கு" என்று கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உறுமினான். தன்னை வளர்த்தவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க பிடிச்சு இறக்குங்களேன்" என்றாள் அவர் மனைவி. அந்த நேரம் பார்த்து உள்ளே பெரியவள் முனக ஆரம்பித்தாள். விட்டால் படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விடுவாள், அப்புறம் சாக்கையும் தரையையும் நான்தான் கழுவ வேண்டும். "இருங்க, வந்துர்றேன்" என்று சேலையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பெரியவளை வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கும் வேப்பமரத்தடியில் நிறுத்தியபோது அங்கிருந்து கார் தெரிந்தது. பிள்ளை உள்ளே ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. காதில் என்னவோ சொன்னது. அப்புறம் இறங்கி எங்கள் கேட்டை நோக்கி நடந்தது. அவனும் குதித்துப் பின்னாலேயே வந்தான். கேட்டுக்குள் வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தது. அவன் அதன் காலடியில் உட்கார்ந்தான். பிள்ளை அவன் தலையைத் தடவிவிட்டு எழுந்து வெளியே போய், கேட்டை இழுத்து, கொண்டியைப் போட்டது. அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னிடம் மட்டும், "சாப்பிட்டான்னா மெசேஜ் போடுங்க ஆன்ட்டி" என்றது. அம்மாதான் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை அழவில்லை.

கார் போனதும் அவன் கேட்டில் படுத்தான். அன்றைக்கும் சாப்பிடவில்லை, மறுநாளும் இல்லை. நடக்க முடியாதது ஒன்று, சாப்பிடாதது ஒன்று. சேலையைக் கீழே போட்டுவிட்டு நானும் எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்காரர் வழியிலிருந்து போன் செய்தார்.

"சின்னவன் சாப்பிட்டானா?"

"இல்லங்க."

"நீ சாப்பிட்டியா?"

யோசித்துப் பார்த்தேன். காலையிலிருந்து ஒரு காப்பி மட்டும்தான்.

அதற்கு மறுநாள் காலையில் பெரியவளை நடத்திக்கொண்டு வரும்போது சின்னவன் எழுந்து வந்து கூடவே நடந்தான். அவளைப் படுக்க வைத்துத் தட்டை நீட்டினேன். அவள் பாதி தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிச்சத்தை அவன் வழித்து நக்கினான். இன்னும் கொஞ்சம் போட்டேன். அதையும் தின்றான். பிள்ளைக்கு மெசேஜ் போட்டேன். "சரி ஆன்ட்டி" என்று பதில் வந்தது.

கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. மிஷினில் உட்கார்ந்தவள் அப்படியே அதன் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனேன். "ஏக்கா, ரவிக்கை ரெடியா?" என்று யாரோ தோளைத் தொட்டதும்தான் விழித்தேன். கல்யாண வீட்டுப் பெண் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றாள்.

"ரெண்டு போலீஸ் நாய் இருக்குன்னு பயந்துக்கிட்டே வந்தேன்" என்றாள்.

ஃபேனுக்கு நேரே, ஒரே சாக்கில், இரண்டும் அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தன.