மலையண்ணனின் கை

எங்கள் பட்டறையில் மலை செய்து விற்கிறோம். சிரிக்க வேண்டாம், நிஜமாகத்தான். வசதியுள்ளவர்களுக்கு மலையைத் தேடிப் போக நேரமில்லையாம். ஏசி போட்ட கூடத்துக்குள் உயரமாகச் சுவர் எழுப்பி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அதில் ஏறுகிறார்கள். சுவர் தட்டையாக இருந்தால் அலுத்துவிடும் அல்லவா? அதனால் புடைப்பு, பள்ளம், மூக்கு மாதிரி துருத்தல் என்று அவர்கள் கேட்கிற வடிவத்தில் செய்து கொடுப்போம். உள்ளே பிளைவுட் கூடு, மேலே தெர்மகோல், அதற்கு மேல் ரெசின் பசையில் நனைத்த பைபர் துணி, கடைசியில் வழுக்காமலிருக்க மணல் கலந்த பெயிண்ட். பெயிண்ட் அடிப்பது நான்.

வடிவம் செதுக்குகிறவர் மலையண்ணன். நாங்கள் வைத்த பெயர்தான். மனிதர் மாடிப்படி ஏறினாலே நடுவில் நின்று மூச்சு வாங்குவார், அந்தக் கிண்டலில் வந்த பெயர். ஆனால் அவர் கையைக் கிண்டல் செய்ய ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது. எந்தத் துண்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கையாலும் முழுக்கத் தடவிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் என்னிடம் வரும். எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிற தப்பு ஒன்று உண்டு. கூட்டுக்குள் கொஞ்சம் நீளமான ஸ்க்ரூவைப் போட்டுவிடுவார்கள், முனை மறுபக்கம் துளியூண்டு நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஏறுகிறவன் உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டுப் பிடிக்கிற இடத்தில் அது இருந்தால் விரல் கிழிந்துவிடும். அண்ணன் கை அந்த இடத்தில் நின்றுவிடும். "இங்க ஒருத்தன் எட்டிப் பாக்குறான்" என்பார். செதுக்க ஆள் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். முதலாளி அவரை வைத்திருந்தது அந்தக் கைக்காகத்தான்.

அந்தக் கை செத்துப்போனது.

நாளெல்லாம் கிடுகிடுவென்று ஆடுகிற தேய்ப்பு மிஷினைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் தின்னர் ஊற்றிக் கை கழுவினால் வேறென்ன ஆகும்? முதலில் டீ கிளாஸ் நழுவியது, பிறகு சட்டைப் பித்தானே அகப்படவில்லை. நரம்பு போய்விட்டது, திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னார்: "யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதம்மா. கை போச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே என்னைத் தூக்கி வெளிய போட்டுடுவாங்க."

அதற்குப் பிறகு கன்னத்தை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். செதுக்கிய துண்டை அணைத்துக்கொண்டு முகத்தைச் சாய்த்து மெதுவாக இழைப்பார். ஸ்க்ரூ முனை அகப்படத்தான் செய்தது, தாடையில் கீறலோடு. முதலாளிக்கு ஒரே பூரிப்பு. "பாருய்யா, குழந்தையைக் கொஞ்சற மாதிரி!" என்று வீடியோ எடுத்து வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அனுப்பினார். அண்ணன் அந்தக் கூத்துக்கும் நின்று கொடுத்தார்.

பட்டறையில் அவருடைய மச்சானும் இருந்தான். மனைவியின் தம்பி. வேலை வெட்டி இல்லாமல் வீட்டோடு கிடந்தவனைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டதே அண்ணன்தான். கடன்காரன், அவனுக்கு அண்ணனுடைய இடத்தின்மேல் கண். ஒரு நாள் வீட்டில், அடுப்பிலிருந்து கொதிக்கிற பாத்திரத்தை அண்ணன் வெறுங்கையால் இறக்கி வைத்தாராம். அக்கா அலறியிருக்கிறாள். தம்பி தலையைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு முடித்திருக்கிறான்.

பெரிய துண்டு ஒன்று முடிந்தது. கூரையிலிருந்து அலை கவிழ்ந்த மாதிரி தொங்குகிற வடிவம், அண்ணன் உயிரைக் கொடுத்துச் செதுக்கியது. வெள்ளை பிரைமர் பூசி நின்றது. ஏறுகூடத்துக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அண்ணன் வழக்கம்போல் கன்னத்தைச் சாய்க்கப் போனார்.

"கன்னமெல்லாம் வேணாம் மாமா, விரலைக் காட்டுங்க!" என்று மச்சான் சத்தமாகச் சொன்னான். வந்தவர்களிடம் திரும்பி, "எங்க மாமா விரல் பட்டாலே போதும் சார், எறும்பு ஏறுனாக்கூடச் சொல்லிடுவாரு" என்றான்.

முதலாளி தலையசைத்தார். அண்ணனுக்கு வேறு வழியில்லை. கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கையையும் வைத்து, விளிம்பின் மடிப்போடு அழுத்தி இழுத்தார்.

வெள்ளையில் சிவப்பாக ஒரு கோடு கூடவே போனது.

"வெண்ணெய் மாதிரி இருக்குங்க" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே. மச்சான்தான் முதலில் சிரித்தான். பிறகு முதலாளி. வந்தவர்கள் திகைத்துப்போய், மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று அவர்களும் சிரித்தார்கள். தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அதே இடத்தை இன்னொரு தடவை அழுத்தித் தடவினார். "கையை எடுங்கண்ணே!" என்று கத்தினேன். கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சொல்ல மாட்டேன்.

நீள ஸ்க்ரூவை மாற்றிப் போட்டது தானேதான் என்று மச்சான் டீக்கடையில் வாய் கூசாமல் சொன்னான். "ஊருக்கு நல்லதுதானே பண்ணேன்? நாளைக்கு ஒருத்தன் கை கிழிஞ்சா யார் பதில் சொல்றது?" படுபாவி, அதில் நியாயம் வேறு இருந்தது. தடவிப் பார்க்கிற வேலை அவனுக்குப் போனது. அக்காவிடம் கேட்டேன், இது அடுக்குமா என்று. "அவரால முடியலைன்னு ஆயிடுச்சு. வெளியாளுக்குப் போறதுக்கு என் தம்பிக்கே கிடைக்கட்டுமே" என்றாள்.

முதலாளி அண்ணனைத் துரத்தவில்லை. ரெசின் கலக்கும் இடத்தில் நிறுத்தினார். கையுறை கேட்டதற்கு, "உனக்குத்தான் வலிக்காதே, எதுக்குய்யா வீணா?" என்றார். மற்ற எல்லோருக்கும் கையுறை உண்டு. யாராவது புதிதாக வந்தால் அவரைக் கூப்பிட்டு, விரலில் ஊசி குத்திக் காட்டுவார்கள். அவரும் சிரித்தபடி கையை நீட்டுவார்.

அப்படியிருக்கையில், ஒரு துண்டைத் தடவிக்கொண்டிருந்த மச்சான் "அம்மா!" என்று அலறினான். பிளைவுட் சிலாம்பு நகத்துக்கடியில் ஏறியிருந்தது. முதலாளியே மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவரையும் முந்திக்கொண்டு, ரெசின் வாளியை அப்படியே போட்டுவிட்டு அண்ணன் போய் நின்றார். மச்சான் கையைப் பிடித்துத் தூக்கி வாயால் ஊதினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்படிடா இருக்கு? சுருக்குங்குதா, எரியுதா?"

"சொன்னா உங்களுக்குப் புரியவா போகுது?" என்று அவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணன் நகரவில்லை. "சொல்லேன்டா" என்றார். "சும்மா சொல்லேன்."

அவன் முதலாளியின் மருந்துப் பெட்டிப் பக்கம் விரலை நீட்டினான்.